மாதிரி ரயில் வேலைக்குச் சால்டரிங் அயர்ன் வாங்குவோருக்கு: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

ரயில் பார்க்க வேண்டுமென்றால் ராயக்கோட்டைக்கோ ஓசூருக்கோ போக வேண்டிய கிருஷ்ணகிரி நகரில் உட்கார்ந்துகொண்டு, ஆறடிப் பலகையில் மாதிரி ரயில் ஓட்ட ஆசைப்பட்டவன் நான். பலகை, தண்டவாளம், இன்ஜின் எல்லாம் சேர்ந்த பிறகு என்னை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது ஒரே ஒரு கருவிதான்: ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் அயர்ன். எட்டு மாதங்களில் மூன்று சால்டரிங் அயர்ன்கள் வாங்கினேன். ஒரு கெஜம் நீளத் தண்டவாளத்தின் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகளை இளக்கினேன். இன்ஜினுக்குள் இருந்து நம் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் சிறு மின்சுற்றான டிகோடர், மூவாயிரம் ரூபாய் விலையுள்ளது, ஒன்றைக் கருக்கினேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குவோர் இவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் யோசித்து, எங்கே வாங்கி, எப்படிச் சோதிப்பது என்று எழுதுகிறேன். விலைகள் நான் கொடுத்தவை. நீங்கள் வாங்கும் நாளில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. கடைக்குப் போகும் முன் உங்கள் வேலைகளை எழுதிப் பாருங்கள்

மாதிரி ரயிலில் சால்டரிங் என்பது ஒரே வேலை அல்ல. தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் இணைப்புக் கம்பிகளை ஒட்டுவது ஒன்று. இன்ஜினுக்குள் டிகோடரின் மெல்லிய கம்பிகளை ஒட்டுவது இன்னொன்று. விளக்குக்காகக் கடுகளவு எல்இடியில் முடி போன்ற கம்பியை ஒட்டுவது மூன்றாவது. பித்தளைத் தகட்டை மடித்துப் பெட்டியோ பாலமோ கட்டுவது நான்காவது. முதலும் நான்கும் வெப்பத்தை உறிஞ்சிக் குடிக்கும் வேலைகள். இரண்டும் மூன்றும் வெப்பத்துக்குப் பயப்படும் வேலைகள். உங்களுக்கு எது எத்தனை இணைப்பு என்று ஒரு தாளில் எண்ணிப் போடுங்கள். எனது பலகையில் தண்டவாள இணைப்புகள் மட்டும் இருபத்தெட்டு வந்தன. டிகோடர் ஒன்றே ஒன்று.

இதை எழுதும்போதே சில வேலைகள் கழிந்துவிடும். புதிய இன்ஜின்கள் பலவற்றில் டிகோடருக்கான சாக்கெட் இருக்கும். 6 முள், 8 முள், 21 முள் என்று வகைகள் உண்டு. மேல்மூடியைக் கழற்றி, அப்படி ஒன்று இருந்தால் அதற்குப் பொருந்தும் முள்ளுடன் டிகோடரை வாங்கினால், சால்டரிங்கே தேவைப்படாது. நான் கருக்கிய டிகோடருக்கு உரிய இன்ஜினில் 8 முள் சாக்கெட் இருந்தது என்பதைக் கருக்கிய பிறகே கவனித்தேன்.

2. குறைந்த வாட், கூர்மையான முனை என்ற எண்ணத்தை விடுங்கள்

எல்லோரும் விழும் பள்ளம் இதுதான் என்பதால் இங்கே சற்று அதிகமாகவே எழுதுகிறேன். நுணுக்கமான வேலைக்குச் சிறிய, சூடு குறைந்த, ஊசிமுனைக் கருவிதான் பாதுகாப்பு என்று மனம் சொல்லும். அதை நம்பி நான் முதலில் வாங்கியது 15 வாட் ஊசிமுனை அயர்ன். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதை வைத்தேன். ஈயம் உருகி ஓடவில்லை. தயிர் போலத் திரண்டு நின்றது. ஐந்து விநாடி, பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். ஈயம் ஒரு வழியாகப் பளபளத்த நேரத்தில், தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கொக்கிகள் இருபுறமும் நான்கு கட்டை தூரத்துக்கு இளகி, 16.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி அகன்று, மறுநாள் பெட்டியின் சக்கரம் அங்கே போய் உள்ளே இறங்கியது.

இது எதனால் என்றால், தண்டவாளம் முழுவதும் உலோகம். முனை தருகிற வெப்பத்தை அது இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வெப்பம் மெதுவாக வந்தால், இணைப்பு உருகும் சூட்டை எட்டுவதற்குள் பக்கத்துக் கட்டைகள் எல்லாம் சூடாகிவிடும். வெப்பம் மளமளவென்று வந்தால், தொட்ட இடம் மட்டும் இரண்டு விநாடியில் உருகி, பக்கத்துப் பிளாஸ்டிக்குக்குச் செய்தி போய்ச் சேரும் முன்பே நாம் முனையை எடுத்துவிடலாம். மெல்லிய தவாவில் மாவு ஊற்றியதும் கல் ஆறிப்போய் தோசை ஒட்டிக்கொள்வதையும், கனத்த இரும்புக் கல் அசையாமல் அடுத்த தோசைக்குத் தயாராக நிற்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையான பொருளைக் காப்பாற்றுவது தொடும் நேரத்தின் குறைவுதான்; அதற்கு, இழந்த சூட்டை உடனே மீட்டுக்கொள்ளும் கருவி வேண்டும்.

எனவே வெப்பக் கட்டுப்பாட்டுடன் கூடிய 50 முதல் 70 வாட் வரையிலான கருவியைத் தேடுங்கள். வாட் அதிகம் என்றால் முனை அதிகம் சுடும் என்று பொருள் கொள்ள வேண்டாம். நீங்கள் 320 டிகிரி என்று வைத்தால் அது 320-லேயே நிற்கும். மிச்ச வாட் எல்லாம், முனை தண்டவாளத்தைத் தொட்டு ஆறும்போது மட்டும் உதவிக்கு ஓடி வரும். மாறாக, கட்டுப்பாடு இல்லாத மலிவான அயர்ன், ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போது 400 டிகிரி வரைகூட ஏறி முனையைக் கறுக்க வைத்துவிட்டு, வேலையில் வைத்ததும் இறங்கிவிடும். தேவைக்கு நேர் எதிராக நடந்துகொள்ளும் கருவி அது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை மின்னழுத்தம். கட்டுப்பாடு இல்லாத அயர்னின் சக்தி மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 25 வாட் தருவது, மாலையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கி 180 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஏறத்தாழ 15 வாட்தான் தரும். இரவில் 250-க்கு ஏறினால் 29 வாட்டைத் தாண்டும். காலையில் அழகாக வந்த இணைப்பு மாலையில் வராமல் போனதற்கு என் கையைத்தான் நெடுநாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

3. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

உள்ளூர் எலக்ட்ரிக்கல் கடையில் இருநூற்றைம்பது, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 25 வாட் சாதா அயர்னை நான் முழுவதும் ஒதுக்கமாட்டேன். பத்துப் பதினைந்து தண்டவாள இணைப்புகளைத் தவிர வேறு எதுவும் செய்யப் போவதில்லை, இன்ஜினுக்குள் கையே வைக்கப் போவதில்லை என்றால், பட்டை முனை ஒன்றைப் போட்டு, மின்னழுத்தம் சரியாக இருக்கும் நேரத்தில் அதிலேயே முடித்துவிடலாம். டிகோடர் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள். டிவி மெக்கானிக்குகள் சிலர் வைத்திருக்கும் துப்பாக்கி வடிவ அயர்னை எந்த வேலைக்கும் இரவல் வாங்காதீர்கள். அது இந்த அளவு வேலைக்கானது அல்ல.

இரண்டாவது வகை, மேஜைமேல் பெட்டி வைத்த ஸ்டேஷன். பெட்டியில் சூட்டைத் திருப்பி வைக்கும் குமிழ், அதிலிருந்து மெல்லிய கம்பியில் இலேசான கைப்பிடி. ஹக்கோ, வெல்லர் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் ஸ்டேஷன்கள் பல ஆண்டுகள் உழைக்கும். விலையும் அவற்றின் நகல்களைப் போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு இருக்கும். ஹக்கோவின் பழைய 936 மாதிரியைப் பார்த்துப் பலர் செய்து விற்கும் ஸ்டேஷன்கள் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பொழுதுபோக்குக்கு இவை போதும் என்பது என் முடிவு. 900எம் என்ற பொதுவான பிட் (கழற்றி மாட்டும் முனை) அவற்றுக்குப் பொருந்துவதால், பிட் கிடைக்காமல் தவிக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, டைப்-சி சார்ஜரில் ஓடும் பேனா அளவுக் கருவி. பைன்சில் என்பது இவற்றில் பலரும் அறிந்த பெயர். சில விநாடிகளில் சூடாகிவிடும். பிடிக்கும் இடத்துக்கும் முனைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒட்டுவதற்கு இதைப் போல வசதி வேறில்லை. ஆனால் சார்ஜரில்தான் கோளாறு வரும். இத்தகைய கருவிக்கு 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர், அதாவது 65 வாட் தரக்கூடிய, பி.டி. (பவர் டெலிவரி) முறையில் இயங்கும் லேப்டாப் சார்ஜர் வேண்டும். சில மொபைல் போன்களுடன் வரும் சார்ஜரிலும் 65 வாட் என்று அச்சிட்டிருக்கும். அந்த முழு சக்தியை அது தன் போனுக்கு மட்டுமே தரும், மற்றவற்றுக்கு அதில் பாதிகூட வராது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்ற வரி இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டாவது பாருங்கள்.

எந்த வகையானாலும் கடையில் ஒரு முறை கையில் பிடித்துப் பாருங்கள். விரல் பிடிக்கும் இடத்திலிருந்து முனை வரை நீளம் கூடக்கூடக் கையின் நடுக்கம் முனையில் பெரிதாகத் தெரியும். சாதா அயர்னில் இந்தத் தூரம் ஒரு விரலைவிட அதிகம். தாளில் அதன் முனையால் உங்கள் பெயரை எழுதுவதுபோல் ஓட்டிப் பாருங்கள். எழுத முடியாத கருவியால் எல்இடியை ஒட்ட முடியாது.

4. பிட்: கருவியைவிட இதுதான் முக்கியம்

கடையில் முனை என்று கேட்டால் புரியாது. பிட் என்று கேட்க வேண்டும். ஸ்டேஷனுடன் பெரும்பாலும் கூம்பு வடிவ ஊசி பிட்தான் வரும். அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, தண்டவாளத்துக்கு 2.4 மில்லிமீட்டர் பட்டை பிட் ஒன்றும், டிகோடர் கம்பிக்கும் எல்இடிக்கும் 1.6 அல்லது 1.2 மில்லிமீட்டர் பட்டை பிட் ஒன்றும் வாங்குங்கள். பட்டைத் திருகாணி ஓட்டியின் வாயைப் போல இருக்கும் இது, தண்டவாளத்தின் பக்கவாட்டில் முழு அகலத்தையும் பதித்து நிற்கும். ஊசிமுனை ஒரு புள்ளியில் மட்டும் தொடும். வெப்பம் போவது தொடும் பரப்பின் வழியாகத்தான். 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள 0603 எல்இடியைக்கூடப் பட்டை பிட்டின் ஒரு மூலையால் ஒட்டுவது, ஊசிமுனையால் ஒட்டுவதைவிட எளிது என்பதைச் செய்து பார்த்துத்தான் நம்பினேன். பித்தளைத் தகட்டு வேலை உண்டென்றால் 3.2 மில்லிமீட்டர் பிட்டும் வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் இரண்டாவது அயர்னின் பிட் கறுத்துப்போனபோது, பழக்கமான மெக்கானிக் ஒருவர், "அரத்துல ரெண்டு இழு இழுங்க சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அவர் காலத்துப் பிட் முழுவதும் செம்பு. அதை அரத்தால் தீட்டலாம். இப்போது வருபவை செம்பின்மேல் இரும்பு பூசியவை. அந்தப் பூச்சு போனால் ஈயம் செம்பை அரித்துத் தின்றுவிடும். என் பிட்டில் ஒரு வாரத்தில் குழி விழுந்தது. அரம், உப்புத்தாள், பிளேடு எதுவும் பிட்டைத் தொடக்கூடாது. பித்தளைச் சுருள் நாரில் குத்தி எடுத்து, உடனே புதிய ஈயம் பூசி வைத்தால் போதும். ஸ்பாஞ்சு பயன்படுத்தினால் நம் ஊர் போர் தண்ணீரில் நனைக்காதீர்கள். குடத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு பிட்டிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் ஆண்டு முழுவதும் வரும்.

5. எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்

இரண்டு முள் பிளக் உள்ள அயர்ன் வேண்டாம். எர்த் இல்லாத முனையில் கசியும் மின்சாரம் உங்கள் விரலுக்குச் சுருக்கென்று தெரியலாம், தெரியாமலும் போகலாம்; டிகோடருக்கு நிச்சயம் தெரியும். மூன்று முள் கருவியை வாங்கிய பின், பிளக்கைச் சுவரில் செருகாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிட்டிலும் மறு முனையைப் பிளக்கின் பெரிய முள்ளிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். கருவி சரியாக இருந்தாலும் பழைய வீடுகளில் சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை ஒரு முறை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள். என் வீட்டில் மூன்று சாக்கெட்டில் ஒன்றில்தான் எர்த் இருந்தது.

டைப்-சி கருவிகளின் சார்ஜர் பெரும்பாலும் இரண்டு முள் என்பதால், சில கருவிகளில் எர்த் கம்பி மாட்டத் தனித் திருகு வைத்திருப்பார்கள். டிகோடர் வேலைக்கு அதை மாட்டிக்கொள்ளுங்கள்.

6. எங்கே வாங்குவது, எந்தக் காகிதங்களை வைத்துக்கொள்வது

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் மொபைல் சர்வீஸ் கடைகளுக்குப் பொருள் தரும் கடைகளில் ஈயக் கம்பி, ஈயம் படர உதவும் பேஸ்ட் (பிளக்ஸ் என்பதும் இதுதான்), தவறாக ஒட்டிய ஈயத்தை எடுக்கும் உறிஞ்சு பட்டை, சாதா அயர்ன் கிடைக்கும். ஸ்டேஷனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடுதான் நமக்குப் பக்கம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், நகருக்குள் நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் இறக்கிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. சென்னைக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் ரிச்சி தெருவில் பார்க்கலாம். இதற்காக மட்டும் போக வேண்டியதில்லை.

கடையில் பில் வேண்டாமென்றால் இருநூறு குறைத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட சீட்டு பில் ஆகாது. ஜிஎஸ்டி எண், தேதி, மாடல் எண் மூன்றும் உள்ள பில் இருந்தால்தான் உத்தரவாதம் செல்லும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். பிட்டுக்கும், சூடாக்கும் எலிமென்டுக்கும் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது என்பதால், வாங்கும்போதே எலிமென்ட் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடல் வேண்டாம்.

இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படித் தொடங்கி, கருவியைச் சுவரில் செருகிச் சூடாகும் வரை நிறுத்தாமல் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். எனக்கு வந்த ஒன்றில் கைப்பிடி ஒரு மாடல், பெட்டி இன்னொரு மாடல். வீடியோ இல்லாததால் அந்த விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். திருப்பி அனுப்பும் கால அளவு ஏழு நாளா பத்து நாளா என்று ஆர்டர் போடும் முன்பே பார்த்து, சோதனைகளை அதற்குள் முடித்துவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கூரியர் நிறுவனம் சுங்கத்துக்காக ஆதார் அல்லது பான் போன்ற அடையாளச் சான்றைக் கேட்கும். உடனே பதிவேற்றாவிட்டால் பொட்டலம் அங்கேயே கிடக்கும். தீர்வை, கூரியர்க் கட்டணம் எல்லாம் பொருளின் விலைக்குமேல் சேரும் என்பதால், ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று தெரிவது கடைசியில் நஷ்டமாக முடியும். இன்னொன்று மின்னழுத்தம். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஸ்டேஷன் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கும். அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு முடிந்தது. அவர்களிடம் பிட் மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள்.

எனக்கு ஆன செலவு இது: ஸ்டேஷன் 2,600 ரூபாய், பட்டை பிட் இரண்டு 300, ஈயக் கம்பி 250, பித்தளை நார் 150, பிளக்ஸ் 120, சுத்தம் செய்யும் திரவம் 80, உறிஞ்சு பட்டை 80. மொத்தம் 3,580 ரூபாய். முதல் இரண்டு அயர்னுக்கும் கருகிய டிகோடருக்கும் கொடுத்த பணம் இதைவிட அதிகம். ஸ்டேஷன் ஐந்து நாளில் வந்தது. பிட்டுக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். இரண்டையும் ஒரே நாளில் ஆர்டர் போட்டிருக்க வேண்டும்.

7. வந்த அன்றே சோதியுங்கள்

எர்த் சோதனைக்குப் பிறகு, சூட்டு எண்ணைச் சரிபாருங்கள். இதற்கென்று தனித் தெர்மாமீட்டர் விற்கிறார்கள்; ஒரே ஒரு முறைக்காக அதை வாங்க வேண்டாம். 63/37, அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயக் கம்பி, சரியாக 183 டிகிரியில் உருகும். குமிழை 200-இல் வைத்து ஐந்து நிமிடம் விட்டு, கம்பியால் பிட்டைத் தொடுங்கள்; இளகி உருக வேண்டும். குமிழ் 183-க்குக் கீழே இறங்கும் பெட்டியானால், அதற்குக் குறைத்து ஆறவிட்டுத் தொட்டால் உருகாமல் தேய வேண்டும். 200-இல் உருகவே இல்லை என்றாலோ, 183-க்குக் கீழே இறக்கி ஆறவிட்ட பிறகும் நீராக ஓடுகிறது என்றாலோ, அளவு தவறு. பல பெட்டிகளின் முகப்பில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே உள்ள திருகை மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம்.

அடுத்து, ஒரு சாண் நீளத் தண்டவாளத் துண்டில் 340 டிகிரியில் பட்டை பிட்டால் வரிசையாக ஆறு இடங்களில் ஈயம் பூசிப் பாருங்கள். முதலாவதற்கு ஆகும் நேரமும் ஆறாவதற்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஆறாவதற்கு மூன்று மடங்கு நேரம் எடுத்தால், அட்டையில் எத்தனை வாட் அச்சிட்டிருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

8. ஈயமும் பேஸ்டும்

கடையில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது 18 கேஜ் ஈயக் கம்பி; அது 1.2 மில்லிமீட்டர் தடிப்பு, நமக்கு ஆகாது. 22 கேஜ், அதாவது 0.7 மில்லிமீட்டர் கம்பியைக் கேளுங்கள். 60/40-உம் ஓடும்; 63/37 கிடைத்தால் அதுவே மேல், ஏனென்றால் உருகிய நிலையிலிருந்து ஒரே மூச்சில் இறுகிவிடும், இடையில் கை அசைந்து இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. காரீயம் கலக்காத கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் பிளாஸ்டிக் அருகே தொல்லை. ஈயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் துண்டுகளைப் போடாதீர்கள். புகை முகத்தில் வராதபடி சிறிய மின்விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள்.

பாத்திரக் கடைகளிலும் ரேடியேட்டர் பட்டறைகளிலும் பயன்படும் ஆசிட், மின்சார வேலைக்கு வேண்டவே வேண்டாம். அது ஒரு நொடியில் ஒட்ட வைத்து, சில மாதங்களில் கம்பியைப் பச்சையாக அரித்துத் தின்றுவிடும். ரோசின் வகைப் பிளக்ஸ் வாங்கி, வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள்.

மாதிரிப் பாகங்களாக வரும் வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70 டிகிரியில் உருகும் தனி ஈயம் உண்டு. வழக்கமான சூட்டில் வார்ப்பே உருகிவிடும் என்பதால் அதற்குக் குமிழைக் கடைசி வரை இறக்க வேண்டும். அவற்றில் சில வகைகளில் காட்மியம் கலந்திருக்கும். உறையைப் படித்து, காட்மியம் இல்லாததை வாங்குங்கள்.

எல்இடிக்கான முடிக்கம்பியைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம். மோட்டார் வைண்டிங் கடையில், மின்விசிறிக்கு வைத்திருக்கும் 36 கேஜ் கம்பியில் கொஞ்சம் கேட்டால், எடை போட்டுக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்த அண்ணன் காசே வாங்கவில்லை. அதன்மேல் உள்ள வார்னிஷை நுனியில் மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு ஈயம் பூச வேண்டும்.

9. முதல் தண்டவாள இணைப்பு

கம்பி ஒட்டும் இடத்தைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். உட்பக்கம் சக்கர விளிம்பு ஓடும் இடம். அங்கே ஒரு சுண்டுவிரல் நக அகலத்துக்கு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால், மங்கலாக இருந்த நிக்கல் சில்வர் (தண்டவாளத்தின் உலோகம்) உள்ளே வெள்ளி போலத் தெரியும். இணைப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு கட்டை தள்ளி, கிராக்கடைல் கிளிப் ஒவ்வொன்றை மாட்டுங்கள். அவை வழியில் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். கிளிப் இல்லையென்றால் நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும்.

குச்சி நுனியால் ஒரு துளி பிளக்ஸ் வைத்து, பட்டை பிட்டில் கொஞ்சம் ஈயம் எடுத்து, தண்டவாளத்தில் பதித்து எடுங்கள். பிளக்ஸ் சிறிது கொதித்து, ஈயம் கண்ணாடி போல விரிந்து படரும்; உருண்டையாக நின்றால் தேய்த்தது போதாது. முழுவதும் ஆறவிடுங்கள். கம்பியின் நுனியை எல் வடிவில் மடித்து அதற்கும் தனியாக ஈயம் பூசுங்கள். இப்போது இரண்டையும் சேர்த்து வைத்து, மேலிருந்து பிட்டால் அழுத்தினால், இரண்டு பூச்சும் ஒரு விநாடியில் கலந்துவிடும். பிட்டை எடுத்த பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று வரை எண்ணுங்கள்; கம்பியைப் பிடித்த கை அதுவரை அசையக்கூடாது. இரண்டு விநாடியில் கலக்கவில்லை என்றால் மேலும் அழுத்தாதீர்கள். எடுத்துவிட்டு, ஆறவிட்டு, பிட்டைத் துடைத்து, மறுபடி தொடங்குங்கள்.

பழைய துண்டில் இருபது இணைப்பாவது இப்படிச் செய்த பிறகு பலகைக்கு வாருங்கள்; எனக்கு அதற்கு இரண்டு மாலைகள் ஆயின. டிகோடரை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டு, அதுவரை மொபைல் கடையில் கழித்துப் போடும் பழைய போர்டில் கம்பியை ஒட்டுவதும் பிரிப்பதுமாகப் பழகுங்கள். டிகோடரின் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு என்பதை ஒட்டும் முன் ஒரு தாளில் வரைந்து கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரு முனைகளும் இன்ஜினின் உடல் உலோகத்தைத் தொடவில்லை என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே ஒட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு கம்பியிலும், இணைப்பை மூடும் காப்புக் குழாயான ஸ்லீவை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு நினைவு வந்தால் பிரித்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு தண்டவாள இணைப்பும் ஆறியவுடன், ஒற்றைப் பெட்டியை விரலால் தள்ளி அதன்மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். சக்கரம் ஒரு இடத்தில் துள்ளினால் உட்பக்கம் ஈயம் வழிந்திருக்கிறது. கூரிய பிளேடால் சுரண்டிவிட்டு, அதற்குப் பின்னரே அடுத்த கம்பியை எடுங்கள்.